எந்த மாடு, சார்?

இந்த எபிசோடை ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிக்கலாம். என் கையில் இப்போ ஒரு பொருள் இருக்கு. பேர் சொல்ல மாட்டேன். மரத்தால் செஞ்சது. எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெருசு. மேல்பக்கம் உருண்டை, கீழே போகப் போகக் கூம்பு. கூம்போட நுனியில் ஒரு ஆணி.

ஆணின்னு சொன்னதுமே பாதிப் பேர் பம்பரம்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. சரி, அடுத்த கட்டம். ஒரு கூடை நிறையப் பம்பரம் இருக்கு. அதுல இருந்து இந்த ஒண்ணை மட்டும் நீங்க எடுக்கணும்னா நான் இன்னும் என்ன சொல்லணும்? இதோட ஆணி லேசா ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. தலையில் சிவப்புச் சாயம் அரை வட்டத்துக்கு உரிஞ்சு போயிருக்கு. யாரோ ஆக்கர் குத்தின தழும்பு மூணு இருக்கு, அதுல ஒண்ணு மட்டும் ஆழம். இப்போ எடுத்துடுவீங்க இல்லையா?

பம்பரம்னு புரிய வைக்க நாலு வரி போதும். இந்தப் பம்பரம்னு புரிய வைக்கத்தான் கஷ்டப்படணும். அந்தக் கஷ்டத்தைக் குழந்தைகளுக்கு எப்படிப் பழக்குறதுன்னு 200 வருஷத்துக்கு மேலாக ஆளாளுக்கு முயற்சி பண்ணியிருக்காங்க. பொம்மையை வெச்சு, மரக்கட்டையை வெச்சு, அச்சு இயந்திரத்தை வெச்சு, கடைசியில் கம்ப்யூட்டரையும் வெச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

ஆனா அதுக்கு முன்னாடி என் அஞ்சாம் வகுப்புக்குப் போகணும்.

தமிழ் வகுப்பு. பலகையில் "பசு" என்று தலைப்பு. கட்டுரை எழுதச் சொன்னார் சார். உங்களுக்கும் தெரியும் அந்தக் கட்டுரை. பசு ஒரு வீட்டு விலங்கு, அதுக்கு நாலு கால், ரெண்டு கண்ணு, ஒரு வால், அது புல் தின்னும், பால் தரும். எல்லாரும் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டோம். ஒரே ஒரு பையன் மட்டும் எழுந்து நின்னு கேட்டான்: "எந்த மாடு, சார்?"

வகுப்பே சிரிச்சுது. நானும்தான். அவன் வீட்டுல மூணு மாடு. காலையில் பால் ஊத்திட்டுத்தான் ஸ்கூலுக்கே வருவான். கிண்டலுக்குக் கேட்கலை, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டான். கடைசியில் அவனே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதினான். ஒரு கொம்பு உடைஞ்ச மாடு, அவங்க அம்மாவைத் தவிர வேற யார் கறக்கப் போனாலும் பால் வாளியை உதைச்சுத் தள்ளுமாம். பத்துக்கு மூணு மார்க். கீழே சிவப்பு மையில், "பாடத்தில் உள்ளபடி எழுதுக." எனக்கு ஒன்பது. நான் அதுவரைக்கும் ஒரு மாட்டைத் தொட்டுப் பார்த்ததே கிடையாது.

இப்போ சுவிட்சர்லாந்து. 1800-ஆம் ஆண்டு வாக்கில், பர்க்டார்ஃப் என்கிற ஊரில் பெஸ்டலோட்சி என்ற ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1746-ல் சூரிச்சில் பிறந்தவர். புத்தகத்தில் இருக்கிற வார்த்தையைக் குழந்தை வாயில் திணிக்காதீங்க, முதல்ல பொருளைக் காட்டுங்க, அது பார்க்கட்டும், பிறகு பேசட்டும் என்பது அவர் கட்சி. அவரிடம் சிறுவனாகப் படித்த ராம்சாவர் என்பவர் பின்னாளில் அந்த வகுப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த வகுப்பறையில் பாடப்பொருளாக இருந்தது என்ன என்பதுதான். சுவரில் ஒட்டியிருந்த பழைய, கிழிந்துபோன காகிதம்.

ஆமா, வால்பேப்பர். பெஸ்டலோட்சி பையன்களை அந்தச் சுவர் முன்னாடி நிறுத்தி, என்ன தெரியுதுன்னு கேட்பார். ஒருத்தன் காகிதத்துல ஓட்டை தெரியுதுன்னு சொல்வான். சரி, இன்னும்? நீளமான ஓட்டை. இன்னும்? ஓட்டைக்குப் பின்னாடி சுவர் தெரியுது. இப்படியே ஓட்டை எத்தனை, எந்த வடிவம், எங்கே இருக்கு, என்ன நிறம்னு ரெண்டு மூணு மணி நேரம் கூடப் போகுமாம். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் கொஞ்சம் நீளும். நம்மில் எத்தனை பேரால ஒரு கிழிஞ்ச காகிதத்தை ரெண்டு மணி நேரம் பார்க்க முடியும்? எனக்குப் பத்து நிமிஷம் தாங்காது. ஆனா ராம்சாவர் அதைத் தண்டனையா நினைக்கலை, கத்துக்கிட்டதுல உருப்படியானதுன்னுதான் சொல்றார்.

கவனிங்க, அந்த ஓட்டைக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. வாத்தியாருக்கும் அடுத்து என்ன வாக்கியம் வரும்னு தெரியாது.

பெஸ்டலோட்சியின் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இவெர்டோன் என்ற ஊரில் அவர் பிறகு நடத்திய பள்ளியைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்படி வந்து தங்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்துக்காரர் சார்லஸ் மேயோ. அவர் ஊர் திரும்பிப் பள்ளி தொடங்க, அங்கே பாடம் நடத்திய அவருடைய தங்கை எலிசபெத் மேயோ 1830-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பொருள்களைக் காட்டி நடத்தும் பாடங்கள் அடங்கிய புத்தகம். நாம இதைப் பொருட்பாடம்னு சொல்லலாம். பயங்கர ஹிட். பதிப்பு மேல் பதிப்பு. பாடத்துக்கு வேண்டிய பொருள்களைப் பெட்டியில் போட்டே விற்றார்கள். கண்ணாடித் துண்டு, ரப்பர், தோல், சர்க்கரைக் கட்டி, மெழுகு, கடற்பஞ்சு.

முதல் பாடம் கண்ணாடி. துண்டு கைக்குக் கை போகும். தொட்டுப் பாருங்க, என்ன தோணுது? குழந்தைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் பலகையில் எழுதுவார். வழவழப்பு, கடினம், ஒளி ஊடுருவும், எளிதில் உடையும். கேட்க நல்லாத்தான் இருக்கு. எலிசபெத் மேயோவின் எண்ணமும் நல்லதுதான். குழந்தை தானே பார்த்துச் சொல்லணும், வார்த்தை தேவைப்படும்போது மட்டும் ஆசிரியர் கொடுக்கணும்னுதான் அவரும் நினைச்சார். ஆனா பதில்கள் புத்தகத்துலயே அச்சாகி இருக்கு. நாற்பது அம்பது பிள்ளைகளை வெச்சுக்கிட்டுத் திண்டாடுற ஒரு வாத்தியார் என்ன பண்ணுவார்? கண்ணாடித் துண்டைப் பெட்டியிலேயே வெச்சுட்டு, "கண்ணாடி எப்படிப்பட்டது? எல்லாரும் சொல்லுங்க." மனப்பாடத்தை ஒழிக்க வந்த பெட்டி, போன இடத்துல எல்லாம் ஒரு புது மனப்பாடமா மாறிப் போச்சு.

1854-ல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ஹார்ட் டைம்ஸ் நாவல் ஒரு வகுப்பறையில்தான் தொடங்குகிறது. அங்கே பிள்ளைகளுக்கு எண் உண்டு. இருபதாம் எண் சிறுமியை எழுப்பி, குதிரை என்றால் என்ன என்று கேட்கிறார்கள். அவளுடைய அப்பா சர்க்கஸில் குதிரைகளோடு வேலை பார்ப்பவர். குதிரைகளுக்கு நடுவே வளர்ந்த பெண் அவள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பையன் எழுந்து, நாலு கால், புல் தின்னும், பல் நாற்பது என்று ஒப்பிக்கிறான். சபாஷ், இப்போ தெரிஞ்சுக்கிட்டியா குதிரைன்னா என்னன்னு, என்று அந்தப் பெண்ணிடமே திரும்பிச் சொல்கிறார்கள்.

டிக்கன்ஸ் குறி வெச்சது பொருட்பாடத்தை மட்டும் இல்லை, தகவலைத் திணிக்கிற மொத்தப் பள்ளி முறையையும்தான். ஆனா அந்த அத்தியாயத்தை காலேஜ்ல முதல் தடவை படிச்சப்போ எனக்கு லண்டன் ஞாபகம் வரலை. ஒன்பது மார்க் வாங்கின பேப்பரோட நான் உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்துச்சு. நாலு கால், ரெண்டு கண்ணுன்னு ஒப்பிச்ச அந்தப் பையன் நான்தானே.

சரி, "எந்த மாடு"ங்கிற கேள்வியை முட்டாள்தனமா நினைக்காம, அதையே பாடமா ஆக்கினவங்க யாராவது உண்டா? உண்டு. மரியா மாண்டிசோரி வழியில் நடக்கும் வகுப்புகளில் ஒரு முக்கோண விளையாட்டு இருக்கு. ஒரு பெட்டியில் 63 முக்கோணம். மூணு அளவு, மூணு நிறம், பக்கத்தையும் கோணத்தையும் வெச்சு ஏழு வகை. ஆசிரியர் ஒரு குழந்தைகிட்ட, முக்கோணம் கொண்டு வாங்கிறார். அது எதையோ ஒண்ணைக் கொண்டு வரும். இல்லையே, நான் கேட்டது பெருசு. சரின்னு சின்னதை எல்லாம் ஒதுக்கிட்டு ஒண்ணைக் கொண்டு வரும். ம்ஹும், நான் கேட்டது பெரிய சிவப்பு. இப்படியே ஒவ்வொரு வார்த்தையும் சேரச் சேரக் குவியல் குறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசியில் ஒண்ணே ஒண்ணு மிஞ்சும். அப்போ அந்தக் குழந்தைக்குப் பெயரடைன்னா என்னன்னு யாரும் விளக்கவே வேண்டாம். பெரியங்கிற வார்த்தை 42 முக்கோணத்தைத் தூக்கி ஓரமா வெச்சதை அது தன் கையால செஞ்சிருக்கு. இதே மாதிரி ஒரு பொம்மைப் பண்ணை விளையாட்டும் இருக்கு. குட்டிக் கோழி, குதிரை, வேலி எல்லாம் வெச்சு, எந்தக் கோழின்னு சீட்டுல எழுதிப் பக்கத்துல வைக்கணும்.

இதுல நமக்கு ஒரு ஊர்த் தொடர்பும் உண்டு. மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார், தியோசாபிகல் சொசைட்டி அழைப்பில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க. சில மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். உலகப் போர் மூண்டது. இத்தாலி எதிரி நாடானதும் இத்தாலிக்காரரான அவர் இங்கேயே மாட்டிக்கொண்டார். கொஞ்ச காலம் கொடைக்கானலில் இருந்தார். 1946 வரைக்கும் இந்தியாவில்தான். இன்னைக்கு நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு மாண்டிசோரி போர்டு தொங்குது. உள்ளே முக்கோணப் பெட்டி இருக்கான்னு மட்டும் கேட்காதீங்க.

ஆனா முக்கோண விளையாட்டுல ஒரு குறை. எந்த முக்கோணம்னு ஆசிரியருக்கு முன்னாடியே தெரியும். நிஜமாவே தெரியாத ஒருத்தருக்காக எழுதுறது வேற. அதுக்குக் கொஞ்சம் பின்னால, 1920-களின் பிரான்சுக்குப் போகணும். இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான்.

செலெஸ்தென் ஃப்ரெனே. தெற்கு பிரான்சின் மலைக்கிராமத்துக்காரர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். 1920-ல் பார்-சுர்-லூ என்ற சிற்றூரில் ஆசிரியராகச் சேர்ந்தார். பிரச்சினை என்னன்னா, அவரால சத்தமாப் பேச முடியாது. கொஞ்ச நேரம் பேசினாலே மூச்சு வாங்கும். வாத்தியார் வேலையே தொண்டையை நம்பித்தான் இருக்கு! அதனால தான் பேசாமலேயே வகுப்பு நடக்க என்ன வழின்னு தேட வேண்டிய கட்டாயம் அவருக்கு.

ஒரு நாள் பையன்கள் நத்தைகளைப் பிடித்து வந்து வகுப்பில் பந்தயம் விட்டார்கள். இலக்கணப் புத்தகத்தை எவன் பார்ப்பான்? எல்லாக் கண்ணும் நத்தை மேல. ஃப்ரெனே அதட்டவில்லை. பந்தயம் முடிந்ததும் என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதைப் பலகையில் எழுதினார். நல்லா வந்துச்சு. ஆனா அடுத்த பாடத்துக்குப் பலகையைத் துடைச்சா நத்தையும் போயிடும், பந்தயமும் போயிடும்.

1924-ல் அவர் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக்கோர்த்தார்கள். நம்ம தலைமுறைக்கு இது புரியணும்னா கொஞ்சம் விளக்கணும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு உலோகத் துண்டு. அதைப் பெட்டியிலிருந்து பொறுக்கி, கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக, ஒவ்வொண்ணாக அடுக்கணும். வரி முடிஞ்சதும் இறுக்கி, மை தடவி, காகிதம் வெச்சு அழுத்தணும். "மிகவும் அழகான"ன்னு ஒரு பையன் எழுதினா, அந்த ரெண்டு வார்த்தைக்கும் அத்தனை துண்டை அவன்தான் பொறுக்கணும். உண்மையிலேயே அந்த வார்த்தை வேணுமான்னு கை யோசிக்கும். ஒட்டாத வார்த்தை தானாக் கழிஞ்சு போகும். எனக்குத் தெரிஞ்சு இதை விட நல்ல எடிட்டர் கிடையாது.

ஆனா அச்சை விடப் பெரிய விஷயம் 1926-ல் நடந்தது. பிரான்சின் இன்னொரு மூலையில், அட்லாண்டிக் கடற்கரையில், பிரிட்டனி பகுதியின் ட்ரெகுங்க் என்ற ஊரில் தானியேல் என்ற ஆசிரியரும் அதேபோல வகுப்பில் அச்சடிக்கத் தொடங்கினார். இரண்டு வகுப்புகளும் தாங்கள் அச்சிட்ட பக்கங்களைத் தபாலில் மாற்றிக்கொண்டன. ஒரு பக்கம் ஆலிவும் ஆரஞ்சும் விளைகிற மலைச்சரிவுப் பிள்ளைகள். இன்னொரு பக்கம் கடலோரப் பிள்ளைகள்.

யோசிச்சுப் பாருங்க. "நாங்க ஆரஞ்சுப் பூ பறிக்கப் போனோம்"னு மலையூர்ப் பையன் எழுதினா வாத்தியாருக்குப் புரிஞ்சிடும், அவரும் அதே ஊர்தான். ஆனா ட்ரெகுங்க் பையனுக்கு? மரம் எவ்வளவு உயரம், பூவை எப்படிப் பறிப்பாங்க, பறிச்சு என்ன பண்ணுவாங்க, எதுவும் தெரியாது. கேட்டு எழுதுவான். அந்தக் கேள்விதான் இவனை மறுபடி மரத்துகிட்ட அனுப்பி நல்லாப் பார்க்க வைக்கும். எனக்கு இங்கே அந்த மாட்டுக்காரப் பையன் ஞாபகம் வர்றான். கொம்பு உடைஞ்ச மாட்டைப் பத்தித் தெரிஞ்சுக்க ஆசைப்படுற ஒரு வாசகன் அவனுக்கு எங்கேயாவது ஒரு கடலோர ஊர்ல இருந்திருக்கலாம். அவனுக்குக் கிடைச்சது சிவப்பு மை.

ஃப்ரெனேயை ஊர் சும்மா விடலை. பிள்ளைகள் கண்டதை எழுதினா எல்லாத்தையும்தானே எழுதுவாங்க! பிறகு அவர் வேலை பார்த்த செயின்ட்-பால் என்ற ஊரில், மேயரைப் பற்றி ஒரு பையன் கண்ட கனவும் அச்சாகியிருந்தது. கனவு மேயருக்கு நல்லபடியா முடியலை. 1932 கடைசியில் ஊர்ச் சுவர்களில் ஃப்ரெனேக்கு எதிராகச் சுவரொட்டிகள் முளைத்தன, பெரிய கலாட்டா ஆனது, 1933-ல் அவர் அந்தப் பள்ளியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவரும் மனைவி எலீஸும் வான்ஸ் என்ற ஊரில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார்கள். வகுப்பில் அச்சடிப்பது பல நாடுகளுக்குப் பரவியது.

அடுத்து கம்ப்யூட்டர். 1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். அதோடு பிறகு ஒரு ஆமை சேர்ந்தது. முதல்ல நிஜமாவே தரையில் ஓடுற ஒரு இயந்திர பொம்மை, வயித்துல பேனா. பிறகுதான் அது திரைக்குள்ள போனது. பேர் கேட்டதும் சிரிக்கிறீங்கன்னு தெரியும். நம்மில் நிறையப் பேர் நாலாவது அஞ்சாவது வகுப்பு கம்ப்யூட்டர் பீரியட்ல அந்த முக்கோண ஆமையை ஓட்டியிருக்கோம். எஃப்டி 100, ஆர்டி 90.

அந்த ஆமையிடம் வட்டம் போடு என்றால் அதற்குப் புரியாது. அதற்குத் தெரிந்தது முன்னால் போவதும் திரும்புவதும் மட்டும். அப்போ வட்டத்தை எப்படிச் சொல்றது? பேப்பர்ட் குழந்தைகளிடம், நீயே ஆமையா இரு, எழுந்து வட்டமா நட, உன் கால் என்ன பண்ணுதுன்னு பார் என்பார். குழந்தை நடந்து பார்க்கும். கொஞ்சம் போறேன், கொஞ்சம் திரும்புறேன், மறுபடி கொஞ்சம் போறேன். அதான் பதில். ஓரடி, ஒரு டிகிரி, அப்படி 360 தடவை. இந்த ஆமையும் ட்ரெகுங்க் பையன் மாதிரிதான், நீங்க சொல்லாத எதையும் தானா ஊகிக்காது. வீடு வரையச் சொன்னா கூரையைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வெச்சிரும். கோபம் வரும். ஆனா மார்க் குறையாது, சிவப்பு மை கிடையாது, எங்கே விட்டோம்னு பார்த்துத் திருத்திக்கலாம்.

பேப்பர்ட் 1980-ல் எழுதிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் புத்தகத்தில் ஜென்னி என்ற 13 வயதுப் பெண் வருகிறாள். மொழி வகுப்பில் சுமாரான மாணவி. அவள் வகுப்பில் கம்ப்யூட்டரைக் கவிதை மாதிரியான வரிகள் எழுத வைத்தார்கள். வார்த்தைகளைப் பட்டியல் பட்டியலாகக் கொடுத்தால், அது குருட்டாம்போக்கில் எடுத்துக் கோர்க்கும். எல்லா வார்த்தையையும் ஒரே பட்டியலில் போட்டால் குப்பைதான் வரும். ஆள், பொருள் எல்லாம் ஒரு பட்டியல், செயல் எல்லாம் இன்னொரு பட்டியல் என்று அவளே பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பரபரப்பாக ஓடி வந்து, பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எதற்கு இருக்கின்றன என்று இப்போதுதான் புரிகிறது என்றாளாம். அதை அவளுக்குப் பல வருடமாகப் பாடம் நடத்தியிருந்தார்கள்.

லோகோ நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்தப்போ என்ன ஆச்சு? நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி நாலு பேர், வாரத்துல ஒரு பீரியட். பரீட்சையில கேட்ட கேள்வி: எஃப்டி என்பதன் விரிவாக்கம் எழுதுக. கண்ணாடித் துண்டு பெட்டிக்குள்ளேயே இருந்துச்சே, அதே கதைதான். இதுல எனக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு. நல்ல பொம்மை கையில கிடைச்சும் அதோட பேரை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்த தலைமுறை நாங்க. இப்போ பசு கட்டுரையை ஏஐ மூணு செகண்டுல எழுதிக் கொடுக்குதுன்னு பெற்றோர் பதறுறாங்க. கொடுக்கட்டுமே. அந்தக் கட்டுரையில எந்த மாடும் என்னைக்குமே இருந்ததில்லை.

போன மாசம் ஒரு சோதனை பண்ணேன். என் அக்கா பொண்ணு பெங்களூருல இருக்கா, ஒன்பது வயசு. அவகிட்ட ஒரு லெகோ பெட்டி, என்கிட்ட அதே மாதிரி இன்னொண்ணு. போன்ல வீடியோ ஆஃப். அவ ஏதாவது ஒண்ணு கட்டணும், எனக்குச் சொல்லணும், நானும் அதையே கட்டணும். ஒரே விதி, அவ சொல்லாத எதையும் நான் ஊகிக்கக் கூடாது. ஆமை மாதிரி.

"சிவப்பை மேல வை." எந்தச் சிவப்பு? எதுக்கு மேல? "சித்தி, உனக்கு ஒண்ணுமே தெரியாதா!" ரெண்டு தடவை போனை வெச்சுட்டா. ரெண்டு தடவையும் அவளே திரும்பக் கூப்பிட்டா. இருபது நிமிஷம் கழிச்சு அவ வாயில் இருந்து வந்த வாக்கியம் இது: "ஆறு குமிழ் இருக்குற சிவப்பை எடு. அதோட நீளப் பக்கம் உன் வயித்தைப் பார்த்து இருக்கணும். இப்போ அதோட இடது ஓரத்துல மட்டும் மஞ்சளை உட்கார வை, பாதி வெளியில தொங்கட்டும்."

கடைசியா வீடியோ ஆன் பண்ணோம். எல்லாக் கட்டையும் சரி, எல்லா நிறமும் சரி. ஆனா என்னோடது அவளோடதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி நின்னுச்சு. நான் சொன்னபடிதான் வெச்சேன்னு நானும் சண்டை போட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் அவளுக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கிட்டு, எனக்குக் குழப்பம் வரக் கூடாதேன்னு, அவ கண்ணுக்குத் தெரிஞ்ச இடதை எல்லாம் எனக்காக வலதுன்னு மாத்தி மாத்திச் சொல்லியிருக்கா.

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் சொல்லணும், அவ கட்டணுமாம்.